பழைய ட்வின் லென்ஸ் கேமரா: மேலே பார்த்தால் கூர்மை, நெகட்டிவில் மங்கல். எங்கே தப்பு?

முதல்_ரோல்

வணக்கம். பெரியப்பா வைத்திருந்த ட்வின் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் (மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் படம் எடுக்க) ஒன்று இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. ஜப்பான் தயாரிப்பு, 80 மி.மீ. எஃப் 3.5 லென்ஸ், ஷட்டர் 1 நொடியிலிருந்து 1/500 வரை. ஃபிலிமைச் சுற்றக் கைப்பிடி கிடையாது, குமிழைத் திருக வேண்டும். ஷட்டரை ஏற்றவும், அதாவது ஸ்பிரிங்கை இழுத்துத் தயாராக வைக்கவும், லென்ஸ் பக்கத்தில் தனியாக ஒரு நெம்பு இருக்கிறது. பிராண்டை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, சொன்னால் "அதை விற்றுவிட்டு ரோலைஃபிளெக்ஸ் வாங்கு" என்று நாலு பேர் கிளம்பி வருவார்கள்.

தோல் உறைக்குள் எத்தனையோ வருடம் தூங்கியிருக்கிறது. வெளியே எடுத்தபோது குனிந்து பார்க்கும் கண்ணாடியில் ஒரே தூசி, அதனால் மேல்மூடியின் நான்கு திருகுகளையும் கழற்றி, கண்ணாடியை எடுத்து நன்றாகத் துடைத்துத் திரும்ப மாட்டினேன். அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை, இப்போது பளிச்சென்று தெரிகிறது.

நேற்று முதல் ரோல் டெவலப் ஆகி வந்தது. 12 கட்டத்தில் 3 சுத்தமாகக் காலி. 2 கட்டம் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறது. மீதி 7-இல் வெளிச்சம் ஏறக்குறைய சரி, ஆனால் ஒன்றுகூடக் கூர்மையாக இல்லை. உருப்பெருக்கியை நிமிர்த்தி, கண்ணை ஒட்ட வைத்து, இமை மயிர் தெரியும் அளவுக்கு ஃபோகஸ் செய்த படங்கள் அவை. அக்கா மகள் கதவருகே நிற்கும் படத்தில் முகம் பஞ்சு மாதிரி இருக்கிறது, அவளுக்குப் பின்னால் இருக்கும் கதவின் தாழ்ப்பாள் மட்டும் கத்தி போல விழுந்திருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். 1 நொடியில் வைத்தால் ஷட்டர் திறந்து அப்படியே நின்றுவிடுகிறது, 1/8-இல் "கிர்ர்" என்று இழுத்து இழுத்து மூடுகிறது, 1/60-க்கு மேல் கேட்கும் அளவில் சரியாக இருக்கிறது. அப்புறம் தூரத்துக் கோபுரம், செல்போன் டவர் மாதிரி எதைப் பார்த்தாலும், ஃபோகஸ் குமிழ் முடிவிலியில் முட்டி நின்ற பிறகும், மேலே லேசாக மங்கலாகவே தெரிகிறது. பழைய கண்ணாடி அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கேமரா பழுது பார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் "இதெல்லாம் அலமாரியில் அழகுக்கு வைக்கிறது" என்றார். உண்மையாகவே அவ்வளவுதானா?

இருட்டறைவாசி

அலமாரியில் வைக்க வேண்டாம். நீங்கள் சொன்னதில் பாதிக்கு மேல் கேமராவின் தப்பே இல்லை.

காலிக் கட்டங்களை முதலில் முடித்துவிடலாம். உங்கள் மாதிரி குமிழ் கேமராக்களில் ஃபிலிமைச் சுற்றுவது ஒரு வேலை, ஷட்டரை ஏற்றுவது இன்னொரு வேலை. ஏற்றாமல் அழுத்தினால் ஒன்றும் திறக்காது, ஆனால் கை "எடுத்தாயிற்று" என்று நினைத்து அடுத்த கட்டத்துக்குச் சுற்றிவிடும். ட்வின் லென்ஸில் பார்க்கும் லென்ஸ் வேறு, எடுக்கும் லென்ஸ் வேறு என்பதால் மேலே படம் ஒரு கணம்கூட இருட்டாகாது, எடுத்தோமா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியவே தெரியாது. காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அந்தச் சத்தமும் சின்ன "டிக்" மட்டும்தான். நான் பழகிய வரிசை: எடுத்த உடனே சுற்றி வைத்துவிடுவேன், ஏற்றுவது மட்டும் அடுத்த படத்துக்கு முன்னால். வேறு வரிசையும் வைத்துக்கொள்ளலாம், தினமும் ஒரே வரிசையாக இருந்தால் சரி.

கட்டம் மேல் கட்டம் ஏறியது ஃபிலிம் மாட்டியதில் வந்திருக்கும். 120 ஃபிலிமின் பின்காகிதத்தில் ஒரு அம்பு இருக்கும். அது கேமராவுக்குள் இருக்கும் புள்ளிக்கு நேராக வரும்வரை கையால் சுற்றிவிட்டுத்தான் பின்கதவை மூட வேண்டும். அதுவரை காகிதத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பிடித்து விறைப்பாக வையுங்கள், தொளதொளவென்று ஏறினால் இடைவெளியும் கெடும், ஓரத்தில் வெளிச்சமும் புகும். ரோலைஃபிளெக்ஸ் ஆட்டோமேட் 1937-லேயே இந்த அம்பு வேலையை ஒழித்துவிட்டது, காகிதத்தை இரண்டு உருளைகளுக்கு நடுவே நுழைத்தால் போதும், ஃபிலிம் தொடங்கும் இடத்தின் தடிமனை உணர்ந்து அதுவே எண்ண ஆரம்பிக்கும். (விற்றுவிட்டு வாங்குங்கள் என்று சொல்லவில்லை!)

குமிழின் நடுவில் பொத்தான் இருக்கிறதா? இருந்தால் அதை ஒரு முறை அழுத்தி விட்டுவிட்டுத் திருகுங்கள். அழுத்திப் பிடித்துக்கொண்டே திருகினால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடும்.

கூர்மை விஷயத்தில், மேல் லென்ஸும் கீழ் லென்ஸும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருக்கலாம். சோதனை செய்யாமல் எதையும் சொல்ல முடியாது.

சதுரக்கட்டம்

எனக்கும் இதே வந்தது. மேல் லென்ஸின் ஓரத்தில் ஒரு சின்ன பூட்டுத் திருகு இருக்கும், அதைத் தளர்த்தி லென்ஸையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால் தூரத்துப் பொருள் மேலே கூர்மையாகிவிடும், திரும்பப் பூட்டிவிடலாம். பத்து நிமிஷ வேலை.

ஷட்டருக்கு லைட்டர் பெட்ரோல் இரண்டு சொட்டு. முடிந்தது.

திருப்புளி_கை

தயவு செய்து நிறுத்துங்கள், இரண்டையும்.

முதல்_ரோல், உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. மூன்று இடத்தை ஒன்றாக வைத்துப் படியுங்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினீர்கள். மேலே பார்த்தால் முடிவிலி கூர்மையாக வரவில்லை. படத்தில் ஆளுக்குப் *பின்னால்* இருப்பது கூர்மையாக விழுந்திருக்கிறது. நீங்கள் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள் என்று முக்கால் நிச்சயமாகச் சொல்வேன்.

அந்தக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் வழவழப்பு, இன்னொரு பக்கம் தேய்த்தது, சொரசொரப்பு. பிம்பம் விழுவது தேய்த்த பக்கத்தில்தான். அந்தப் பக்கம் கீழே, உள்ளே இருக்கும் ஆடியைப் பார்த்து இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் மேல் லென்ஸிலிருந்து ஆடி வழியாகத் தேய்த்த பரப்புக்கு உள்ள தூரமும் கீழ் லென்ஸிலிருந்து ஃபிலிமுக்கு உள்ள தூரமும் ஒன்றாக இருக்கும். இரண்டு லென்ஸும் ஒரே பலகையில் சேர்ந்து முன்னும் பின்னும் போகின்றன, இந்தக் கேமராவின் கணக்கு முழுவதும் அந்த ஒரு சமத்துவத்தில்தான் நிற்கிறது. புரட்டிப் போட்டால் தேய்த்த பரப்பு கண்ணாடியின் தடிமன் அளவுக்கு மேலே போய்விடும். கண்ணாடி 1.5 மி.மீ. என்று வைத்தால், ஒளி அதற்குள் வளைவதையும் கழித்து, ஏறக்குறைய 1 மி.மீ. பிசகு.

1 மி.மீ. தானே என்று தோன்றும். 80 மி.மீ. லென்ஸ் முடிவிலியிலிருந்து 2 மீட்டருக்கு வர மொத்தமே மூன்றேகால் மி.மீ. சொச்சம்தான் நகர்கிறது, அதில் 1 போனால் என்ன மிஞ்சும்? மேலே 2 மீட்டரில் கூர்மை பார்த்து எடுத்தால் கீழ் லென்ஸ் சுமார் 2.8 மீட்டரில் கூர்மை வைத்திருக்கும். லென்ஸின் துவாரத்தை (அப்பர்ச்சர்) எஃப் 8-க்கு மூடினாலும் காப்பாற்ற முடியாது. தாழ்ப்பாள் ஏன் விழுந்தது என்று இப்போது புரிகிறதா. முடிவிலி வராததற்கும் இதே காரணம்தான், பலகை கடைசி வரை உள்ளே போய் முட்டினாலும் மேலே அந்த 1 மி.மீ. மிச்சம் இருந்துகொண்டே இருக்கும்.

இந்த நிலையில் சதுரக்கட்டம் சொன்னபடி மேல் லென்ஸைத் திருகினால் மேலே சரியாகிவிட்ட மாதிரிதான் தெரியும். நாளைக்கு இன்னொருவர் கண்ணாடியைச் சரியான பக்கம் திருப்பி மாட்டும்போது பிசகு எதிர்த்திசையில் கிளம்பும், அதற்கு இன்னொருவர் இன்னொரு லென்ஸைத் திருகுவார். இப்படி நாலு கை மாறிய கேமரா ஒன்றை நான் சரிசெய்து முடிக்க இரண்டு ஞாயிறு போனது. லென்ஸைத் தொடுவது கடைசி வேலை.

எந்தப் பக்கம் தேய்த்தது என்று தெரியாவிட்டால் மூலையில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள், எழுதுகிற பக்கம்தான் தேய்த்த பக்கம். துடைக்கும்போது ஆடியைத் துணியால் தேய்க்காதீர்கள், வீட்டுக் கண்ணாடி போல அதற்கு முன்னால் காப்பு எதுவும் இல்லை, பூச்சு முன்பரப்பிலேயே இருக்கிறது, அழுத்தினால் பூச்சு கையோடு வந்துவிடும். ஊதும் பந்து போதும். சில மாடல்களில் வட்டவட்டமாக வரி போட்ட ஃப்ரெனல் தகடு ஒன்று கூடவே இருக்கும், கழற்றும்போதே வரிசையைப் படம் எடுத்து வையுங்கள்.

மாட்டிய பிறகும் நம்பாதீர்கள். ட்ரைபாடில் வைத்து, பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் இடத்தில் மேட் செலோடேப்பை விறைப்பாக ஒட்டுங்கள், கீழ் லென்ஸின் பிம்பம் அதில் விழும். தண்டவாளம் இரண்டு ஜோடி இருக்கும், வெளி ஜோடி அழுத்தத் தகட்டுக்கு, உள் ஜோடிதான் ஃபிலிமுக்கு, உள்ளே ஒட்ட வேண்டும். ஷட்டரை பி-யில் (அழுத்திப் பிடிக்கும்வரை திறந்திருக்கும் நிலை) வைத்து, பூட்டு உள்ள கேபிள் ரிலீஸால் திறந்தே வையுங்கள், அப்பர்ச்சர் முழுக்கத் திறந்து எஃப் 3.5. மேசையில் ஓர் அளவுகோலைச் சாய்வாக வைத்து மேலே பார்த்து ஏதாவது ஓர் எண்ணில் கூர்மை வையுங்கள், பிறகு பின்னால் வந்து டேப்பில் எந்த எண் கூர்மை என்று பாருங்கள். உருப்பெருக்கி இல்லாவிட்டால் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைத் திருப்பிப் பிடித்தால் அதுவே நல்ல உருப்பெருக்கி. அப்புறம் தூரத்து டவருக்கும் ஒரு முறை.

இருட்டறைவாசி

அடடா, கண்ணாடியைத் துடைத்த வரியை நான் படித்துவிட்டுக் கடந்தே போய்விட்டேன்.

சதுரக்கட்டம்

சரி, லென்ஸ் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஷட்டருக்கு லைட்டர் பெட்ரோலில் என்ன தப்பு? எல்லாரும் அதைத்தானே ஊற்றுகிறார்கள்?

திருப்புளி_கை

எல்லாரும் ஊற்றுகிறார்கள், அதனால்தான் எனக்கு வேலை வருகிறது.

பொருளில் தப்பில்லை, ஊற்றும் விதத்தில்தான் தப்பு. முன்னால் இருந்து சொட்டு விட்டால் அது உள்ளே இருக்கும் பழைய எண்ணெயைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய் ஷட்டரின் இலைகளின் (திறந்து மூடும் மெல்லிய தகடுகள்) மேல் பரப்பிவிட்டு ஆவியாகிவிடும். இலை ஷட்டரின் இலைகள் எலும்பு மாதிரி உலர்ந்து இருக்க வேண்டும், ஒரு மெல்லிய படலம் இருந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டும். அன்று மாலை அருமையாக வேலை செய்யும், ஒரு வாரத்தில் பழைய கதை, கூடவே லென்ஸின் உள்பக்கம் புகை படிந்த மாதிரி ஆகியிருக்கும். எனக்கே முதல் கேமராவில் நடந்தது, யாரையும் கிண்டல் செய்யவில்லை.

1 நொடியும் 1/8-உம் இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பிரிங் இல்லை. மெதுவான வேகங்களில் ஷட்டர் மூடுவதைத் தாமதப்படுத்த, கடிகாரத்தில் உள்ளது போலக் குட்டிப் பல்சக்கர வரிசை ஒன்று உள்ளே இருக்கிறது. உங்களுக்குக் கேட்கும் "கிர்ர்" அதுதான். பல வருட எண்ணெய் அதில் பசை மாதிரி உறைந்திருக்கும். வேகமான பக்கம் அந்தச் சக்கரங்களுக்கு வேலை கம்மி, அதனால்தான் 1/60-க்கு மேல் தப்பித்திருக்கிறது. முறையான வழி முன் லென்ஸ் கூறுகளைக் கழற்றி, ஷட்டரின் முகத்தைத் திறந்து, அந்தச் சக்கர வரிசையை மட்டும் கழுவி உலர்த்துவது. பழகாத கை செய்ய வேண்டாம், இயந்திர ஷட்டர் தெரிந்தவர் யாரிடமாவது கொடுங்கள். டபிள்யூ டி 40 ஸ்ப்ரே அடி என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அதுவரை ஃபிலிம் போடாமல் எல்லா வேகத்திலும் ஐம்பது அறுபது தடவை ஏற்றி விட்டுக்கொண்டே இருங்கள். கொஞ்சம் இளகும், சில சமயம் நன்றாகவே இளகும். ஏற்றிய பிறகு 1/500-க்கு மாற்ற வேண்டாம், பல ஷட்டர்களில் அந்த வேகத்துக்கு மட்டும் கூடுதல் ஸ்பிரிங் ஒன்று சேரும், முதலில் வேகம், பிறகு ஏற்று. செல்ஃப் டைமரை (வி என்று எழுதியிருக்கும்) தொடவே தொடாதீர்கள். பழைய கேமராக்களில் முதலில் சாவது அது, சாகும்போது ஷட்டரையும் பாதியில் பிடித்துக்கொண்டு சாகும். ஃப்ளாஷ் நெம்பு எக்ஸ்-இல் இருக்கட்டும். எம் என்பது அந்தக் காலத்து பல்புகளுக்கு, பல்பு முழு வெளிச்சத்துக்கு வர நேரம் கொடுத்து ஷட்டர் தாமதமாகத் திறக்கும், இப்போதைய ஃப்ளாஷை அதில் போட்டால் அது மின்னி அணைந்த பிறகுதான் ஷட்டர் திறக்கும், படம் கறுப்பு.

வேகம் எவ்வளவு என்று தோராயமாகத் தெரிய வேண்டுமா, போனில் 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷன் வைத்து, பின்கதவு திறந்த கேமராவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுங்கள். 1/30 சரியாக இருந்தால் ஷட்டர் திறந்திருப்பது சுமார் 8 ஃப்ரேமில் தெரியும். 1/500-ஐ இப்படி அளக்க முடியாது.

நிழல்_கணக்கு

ரிப்பேர் பேச்சு முடிந்திருந்தால் ஒன்று. உங்களிடம் இருப்பது வெளிச்சம் அளக்கும் மீட்டர் இல்லாத மாடல் என்று நினைக்கிறேன், அது நல்லதே. யாஷிகா மேட் 124ஜி மாதிரி மீட்டர் உள்ளவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை, அந்த பேட்டரி இப்போது வருவதில்லை, 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் பொய் சொல்லும். மீட்டர் இல்லாமலே கணக்கு எளிது: நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்குக் கிட்டத்தட்ட, 100 என்றால் 1/125. மேகம் வந்தால் ஒரு படி (எஃப் 11) திற, திறந்த நிழலுக்கு மூன்று படி. கறுப்பு வெள்ளை நெகட்டிவ் என்றால் சந்தேகம் வரும்போது கூடுதலாகக் கொடுங்கள், குறைத்துக் கொடுத்த நிழலைப் பிறகு எங்கேயும் தேடி எடுக்க முடியாது.

இடவலம் மாறித் தெரிவது முதல் பத்து ரோலுக்குப் படுத்தும். ஆள் வலப்பக்கம் நடந்தால் திரையில் இடப்பக்கம் போவார், நாம் துரத்திக்கொண்டு தப்பான பக்கம் திரும்புவோம். கேமராவை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கேமராவை மட்டும் திருப்பாமல் இடுப்போடு சேர்ந்து திரும்பினால் சீக்கிரம் பழகும். அந்தக் குனிந்த பார்வையில் ஒரு லாபமும் உண்டு. யாரும் உங்களை முறைக்க மாட்டார்கள், நீங்கள் முகத்துக்கு நேரே எதையும் நீட்டவில்லையே. அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் விவியன் மையரின் படங்களில் பலவற்றில் ஆட்கள் கீழிருந்து பார்த்த மாதிரி நெடுநெடுவென்று நிற்பதற்கு அவர் கழுத்தில் தொங்கிய ரோலைஃபிளெக்ஸும் ஒரு காரணம்.

ரொம்ப அருகே போகும்போது மட்டும் கவனம். மேல் லென்ஸ் பார்ப்பதைவிடக் கொஞ்சம் கீழே இருந்துதான் கீழ் லென்ஸ் பார்க்கிறது, 1 மீட்டரில் தலைக்கு மேல் இடம் விடாமல் கட்டம் போட்டால் படத்தில் உச்சி போய்விடும்.

முதல்_ரோல்

திருப்புளி_கை சார், பென்சில் புள்ளி மேல்பக்கம் விழுந்தது. கீழ்ப்பக்கம் வழுக்கியது. நானேதான் புரட்டி மாட்டியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

திருப்பும் முன்பு செலோடேப் சோதனையும் செய்தேன், நீங்கள் சொன்னது சரியா என்று பார்க்கத்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம். மேலே 2 மீட்டரில் ஒரு புத்தக முதுகு, டேப்பில் கூர்மையாக இருந்தது அதற்கு முக்கால் மீட்டருக்கும் கொஞ்சம் அதிகமாகப் பின்னால் இருந்த நாற்காலி. அப்புறம் கண்ணாடியைத் திருப்பி மாட்டி மறுபடி பார்த்தேன், இரண்டிலும் புத்தகம். டவரும் முடிவிலியில் கம்பி கம்பியாகத் தெரிகிறது. பழைய கண்ணாடி என்று நான் பழி போட்டது அநியாயம்.

ஷட்டரை ஒரு மாலை முழுக்க ஏற்றி ஏற்றி விட்டேன், வீட்டில் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். 1/8 இப்போது இழுக்காமல் மூடுகிறது. 1 நொடி இன்னும் நிற்கிறது, அதை யாரிடமாவது கொடுக்கும்வரை அந்தப் பக்கம் போகப் போவதில்லை. தோல் உறையையும் தூரப் போட்டுவிட்டேன், உள்ளே ஈர வாசனை அடித்தது.

இருட்டறைவாசி

உறையைப் போட்டது நல்லது, பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. லென்ஸ் வழியாக டார்ச் அடித்து நூல் நூலாக ஏதாவது ஓடியிருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இரண்டாவது ரோல் போட்டாயிற்றா?

முதல்_ரோல்

டார்ச் அடித்துப் பார்த்தேன். தூசி உண்டு, நூல் இல்லை.

இரண்டாவது ரோல் இன்றுதான் வந்தது. ஏறிய கட்டம் ஒன்றுகூட இல்லை, அம்பைப் புள்ளிக்கு நேராக வைத்து, விறைப்பாகப் பிடித்து மாட்டினேன். அக்கா மகளை அதே கதவருகே நிற்க வைத்து எஃப் 5.6-இல் எடுத்தேன். இமை மயிரை எண்ணலாம். தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

ஒரு கட்டம் காலி. ஒன்பதாவது. ஏற்றாமல் அழுத்திவிட்டு, "டிக்" கேட்டதாக நானே நினைத்துக்கொண்டேன்.